கூழ்ப்பானைக்குள் ஒரு வரலாறு



ஒரு நாட்டின் வரலாற்றை அறிய விரும்புவோர் கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் தேடுவர். இடிந்த கோட்டைகளை அளப்பர். பறங்கியரும் ஒல்லாந்தரும் எழுதிவைத்த குறிப்புகளைப் புரட்டுவர். இவையெல்லாம் வேண்டியவையே. ஆயினும், ஏட்டிலே ஏறாத வரலாறு ஒன்று நமது அடுப்படியிலே கொதித்துக்கொண்டிருக்கிறது. யாழ்ப்பாணத்தை ஆண்டவர் பலர். வந்தவரும் போனவரும் பலர். அவர்களில் ஒவ்வொருவரும் நமது கூழ்ப்பானைக்குள் ஏதோ ஒன்றை இட்டுவிட்டே போயிருக்கின்றனர். அந்தப் பானையை இன்று சற்றுத் திறந்து பார்ப்போம்.

கூழ் என்றவுடன் சிலர் முகஞ் சுளிப்பர். "கூழானாலும் குளித்துக் குடி" என்னும் பழமொழியும், "கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை" என்னும் பழமொழியும் கூழை வறியவன் உணவாகவே காட்டுகின்றன. ஒளவையார் கூழுக்குப் பாடினார் என்ற கதையைச் சொல்லும்போதும், இத்தனை பெரிய புலமைக்கு இத்தனை சிறிய கூலியா என்ற வியப்பே நமக்கு எழுகின்றது. ஆனால் யாழ்ப்பாணத்து ஒடியற்கூழை ஒருமுறை பிலாவிலையிற் கோலிக் குடித்தவர் ஒளவையார் ஏமாந்துபோகவில்லை என்றே சொல்வர்.

ஒடியற்கூழின் முதல் ஒடியல். பனங்கொட்டைகளைப் பாத்தியில் அடுக்கி மண்மூடி முளைக்கவிட்டுக் கிண்டியெடுப்பது பனங்கிழங்கு. அதனை அவித்து உலர்த்தினால் புழுக்கொடியல். அவியாமல் தோலுரித்து, நெடுக்கே பிளந்து, வெயிலிற் காயவிட்டால் ஒடியல். காய்ந்த ஒடியலை மாவாக இடித்து, தண்ணீரில் ஊறவைத்து, மேலே தெளிந்த நீரை வடித்துவிட வேண்டும். அப்போதுதான் அதன் கயர்ப்பு நீங்கும். பிறகு ஓர் அகன்ற பானையில் சிவப்பரிசி ஒரு பிடி, பலாக்கொட்டை, பயற்றங்காய், மரவள்ளிக்கிழங்கு, முருங்கையிலை ஆகியவற்றை இட்டு அவிப்பர். மீன்தலை, நண்டு, இறால், கணவாய் என்று அன்றைய கடல் தந்தவை பின்னர் சேரும். செத்தல் மிளகாயும் மஞ்சளும் அரைத்த கூட்டு விழும். பழப்புளியிற் கரைத்த ஒடியல்மா கடைசியில் வரும். மா சேர்ந்ததும் கை ஓயாமற் துழாவ வேண்டும், இல்லாவிட்டால் அடிப்பிடித்துவிடும். மீன் உண்ணாதோர் கடலுணவை விலக்கி, பலாக்கொட்டையையும் பயற்றங்காயையும் கூட்டி மரக்கறிக்கூழ் காய்ச்சிக் கொள்வர். அதற்கும் சுவை குறைவில்லை.

இந்தப் பட்டியலைச் சற்று நிதானமாக நோக்குங்கள். பனையும் அரிசியும் கடல்மீனும் நமது மண்ணுக்கும் கடலுக்கும் உரியவை. புளி பழங்காலத்திலேயே நம்மிடம் வந்து சேர்ந்துவிட்டது. மிளகாயோ அப்படியன்று. அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1492 இல் கொலம்பசு கடல் கடந்த பின்னரே அது மற்றக் கண்டங்களுக்குப் பரவியது. ஆசியக் கரைகளுக்கு அதனைக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் போர்த்துக்கேயர். அதற்கு முன்பு நம்மவர் நாவுக்குக் காரம் தந்தது மிளகே. புதிதாக வந்த காய் மிளகைப் போல உறைத்ததால், மிளகு போன்ற காய் என்ற கருத்தில் மிளகாய் என்று பெயரிட்டுவிட்டனர். ஒரு சொல்லுக்குள் ஒரு கப்பல் வந்திறங்கிய செய்தி அடங்கியிருக்கின்றது.

மரவள்ளியும் அமெரிக்கக் கண்டத்திலே பிறந்ததுதான். வள்ளிக்கிழங்கு கொடியில் விளைவது. இதுவோ மரம்போல நின்று கிழங்கு தருகிறது. எனவே மரவள்ளி என்றனர். வற்றாளங்கிழங்கும் அவ்வாறு கடல்கடந்து வந்ததே. இன்று மிளகாய் இல்லாத யாழ்ப்பாணத்துக் கறியை நம்மால் எண்ணிப் பார்க்கவே இயலாது. வறுத்திடித்த கறித்தூளின் மணமே நமது ஊரின் மணம் என்று பெருமை கொள்கிறோம். நல்லூரிலே அரசிருந்த நமது மன்னர்களில் முந்தியவர்கள் அந்த மணத்தை அறியாதவர்கள் என்பதை எண்ணினால் வியப்பாக இருக்கின்றது அல்லவா?

இங்கே ஓர் அரிய வரலாற்றுத் தொடர்பைச் சொல்ல வேண்டும். 1619 இல் பிலிப் தெ ஒலிவேரா என்னும் தளபதி நடத்திவந்த படையிடம் இரண்டாம் சங்கிலி மன்னன் தோற்றான். யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் வசமாயிற்று. இதை நாம் பாடப்புத்தகத்திற் படித்திருக்கிறோம். ஆனால் 1580 தொடக்கம் 1640 வரை போர்த்துக்கலுக்கும் ஸ்பெயினுக்கும் ஒரே அரசனே முடிசூடியிருந்தான் என்பதை நாம் அதிகம் கவனிப்பதில்லை. அந்த ஸ்பெயின் 1571 இலே மணிலாவைத் தன் ஆட்சி நகராக்கிக்கொண்டது. இரண்டாம் பிலிப்பு மன்னனின் பெயராலேயே அந்தத் தீவுகள் பிலிப்பைன்சு எனப் பெயர் பெற்றன. எனவே, 1619 தொடக்கம் 1640 வரையான 21 ஆண்டுகள், யாழ்ப்பாணமும் மணிலாவும் ஒரே முடியின் கீழ் இருந்தன. வங்கக்கடலின் இந்தக் கரையிலுள்ள ஒரு சிறு குடாநாடும், சீனக்கடலுக்கு அப்பாலுள்ள ஒரு தீவுக்கூட்டமும் மத்ரித்து நகரிலிருந்த ஒரே மன்னனுக்குத் திறை செலுத்தின.

அமெரிக்கப் பயிர்கள் ஆசியாவுக்கு வந்த வழிகள் இரண்டு. ஒன்று, போர்த்துக்கேயர் ஆபிரிக்காவைச் சுற்றிக் கோவைக்கும் மலாக்காவுக்கும் வந்த வழி. மற்றொன்று, ஸ்பானியர் மெக்சிக்கோவின் அக்கபுல்கோத் துறையிலிருந்து பசிபிக் மாகடலைக் கடந்து மணிலாவுக்கு வந்த வழி. 1565 தொடக்கம் 1815 வரை, 250 ஆண்டுகள், அந்த மணிலாக் கப்பல்கள் ஓடின. போகும்போது சீனத்துப் பட்டும் பீங்கானும்; வரும்போது மெக்சிக்கோ வெள்ளி. வெள்ளியோடு மிளகாயும் கிழங்கும் நிலக்கடலையும் சோளமும் வந்தன. நாம் கச்சான் என்று கூறும் நிலக்கடலைக்குத் தமிழ்நாட்டிலே மணிலாக்கொட்டை என்று பெயர். கச்சான் விற்கும் ஆச்சியின் பெட்டிக்குள்ளே மணிலாவும் இருக்கின்றது என்று சொன்னால் அது மிகையாகாது.

சொல்லாராய்ச்சியில் ஈடுபாடுடைய நேயர்களுக்கு இன்னும் சில சான்றுகள். நாம் அடுக்களையைக் குசினி என்கிறோம். அது போர்த்துக்கேயச் சொல். பிலிப்பைன்சு மக்கள் அதனைக் குசினா என்பர். அது ஸ்பானியச் சொல். நமது மேசை அங்கே மேசா. நமது சப்பாத்து அங்கே சப்பாத்தோசு. எதிர்த்திசையிலும் ஒரு சொல் போயிருக்கிறது. அவர்கள் மாம்பழத்தை மங்கா என்பர். நமது மாங்காய்தான் மலாய்மொழி வழியாக அங்கே போய் மங்கா ஆயிற்று. பறங்கியர் வருமுன்னரே நமது சொற்கள் கிழக்கே கப்பலேறியிருந்தன என்பதற்கு அது சான்று. மரவள்ளிக்கு அவர்கள் இட்ட பெயர் இன்னும் சுவையானது. வற்றாளங்கிழங்கை அவர்கள் கமோத்தே என்பர். மரவள்ளியை "மரக் கமோத்தே" என்னும் பொருள்பட அழைக்கின்றனர். மரவள்ளி என்று நாம் சொன்ன அதே எண்ணம், அதே பெயரமைப்பு! ஒரே புதுமையைக் கண்ட இரு மக்கள், ஒருவரையொருவர் கேளாமலே ஒரே விதமாகப் பெயரிட்டிருக்கின்றனர்.

சொல்லில் இருக்கும் இந்த உறவு சட்டியிலும் இருக்கின்றதா என்று பார்ப்போம். பிலிப்பைன்சு மக்களின் வீட்டு உணவுகளில் முதன்மையானது சினிகாங். புளியிலே மீனோ இறாலோ இறைச்சியோ இட்டு, பயற்றங்காய், கீரை, சேப்பங்கிழங்கு சேர்த்துக் காய்ச்சும் ஒரு புளிச்சாறு அது. ஒடியல்மாவையும் மிளகாய்க் கூட்டையும் எடுத்துவிட்டால் நமது கூழுக்கு அது ஒன்றுவிட்ட சகோதரம். நம்மவர்க்கு முதலில் உறைப்புப் போதாது என்று தோன்றும். ஒரு பச்சைமிளகாயைக் கீறிப் போட்டுக்கொண்டால் அந்தக் குறையும் தீரும். சோற்றோடு உண்பதற்குத் தக்கது. பிலிப்பைன்சு உணவை முதன்முறை உண்போருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதனைத்தான்.

இனிப்பிலே ஒற்றுமை இன்னும் நெருக்கமானது. ஆடிப்பிறப்பன்று நாம் காய்ச்சும் ஆடிக்கூழை எண்ணிப் பாருங்கள். அரிசிமாவைக் குழைத்துச் சிறுசிறு உருண்டைகளாக உருட்டி, வறுத்த பயறும் தேங்காய்ச் சொட்டும் சேர்த்து, தேங்காய்ப் பாலிலே பனங்கட்டி கரைத்துக் காய்ச்சுகிறோம். பிலிப்பைன்சு நாட்டில் பிலோ-பிலோ என்றொரு பண்டம் உண்டு. ஒட்டரிசிமா உருண்டைகளைத் தேங்காய்ப் பாலிலே சீனியோடு காய்ச்சி, வாழைப்பழமும் வற்றாளங்கிழங்கும் பலாச்சுளையும் சவ்வரிசியும் சேர்ப்பர். சூடாகவே கிண்ணத்தில் ஊற்றிக் குடிப்பர். பயறும் பனங்கட்டியும் நமது. வாழைப்பழமும் சவ்வரிசியும் அவர்களது. உருண்டையும் தேங்காய்ப்பாலும் இருவர்க்கும் பொது. செபுத் தீவிலே இதனையொத்த பினிக்னித்து என்னும் கூழைப் பெரிய வெள்ளியன்று காய்ச்சுவது வழக்கம். அங்கும் கூழுக்கு ஒரு திருநாள் இருக்கின்றது.

பிட்டை எடுத்துக்கொள்வோம். மதுரையிலே வந்திக் கிழவியின் உதிர்ந்த பிட்டுக்காகச் சிவபெருமான் மண்சுமந்த கதையை, திருவெம்பாவைக் காலத்தில் திருவாதவூரடிகள் புராணம் படிக்கையில் நமது கோயில்களிலே கேட்கிறோம். பனையோலை நீத்துப்பெட்டியில் அவிப்பது நமது பழைய முறை. மூங்கிற் குழலில் அவிப்பதும் உண்டு. யாழ்ப்பாணத்துப் புகையிலை திருவிதாங்கூருக்குப் போன காலத்தில் வளர்ந்த உறவையும் மலையாளத்துப் பிட்டுக்குழல் நினைவூட்டும். பிலிப்பைன்சு மக்களும் பூத்தோ பும்போங் என்றொரு பண்டத்தை மூங்கிற் குழலிலே அவிக்கின்றனர். ஊதாநிற ஒட்டரிசியை அரைத்துக் குழலில் இட்டு நீராவியில் வேகவைத்து, தேங்காய்ப்பூவும் கருஞ்சீனியும் தூவித் தருவர். மார்கழியில், டிசெம்பர் 16 தொடக்கம் 24 வரை, ஒன்பது நாள் விடியற் பூசை முடிந்து வருவோருக்குத் தேவாலய வாசலிலே சுடச்சுட இது கிடைக்கும். மார்கழி விடியலில் திருவெம்பாவை பாடிவிட்டுக் கோயிலிலே அவலும் கடலையும் வாங்கி உண்ட நம்மவர்க்கு அந்தக் காட்சி புதிதாகத் தோன்றாது. பிட்டும் பூத்தோவும் ஒலியால் ஒத்திருப்பதைக் கொண்டு மட்டும் உறவு கூறிவிடலாகாது. ஆனால் குழலும் தேங்காய்ப்பூவும் நீராவியும் ஒத்திருப்பதைக் கண்ணாற் காணலாம்.

தொதலைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை. அரிசிமா, தேங்காய்ப்பால், வெல்லம் மூன்றையும் மணிக்கணக்காகக் கிண்டி எண்ணெய் கக்கும்வரை இறுக்குவது. மலாய் உலகத்திலிருந்து நமக்கு வந்த பண்டமும் பெயரும் அது. பிலிப்பைன்சின் தெற்கே லனாவோப் பகுதியில் வாழும் மரனாவோ முசுலிம் மக்களும் அதனைத் தொதொல் என்றே கூறி உண்கின்றனர்.

தமிழ்நாட்டுக்கும் மணிலாவுக்கும் இடையே நேரான தொடர்பும் ஒருமுறை நேர்ந்தது. 1762 இல் ஸ்பெயினோடு போர் மூண்டபோது, ஆங்கிலேயர் சென்னைப்பட்டினத்திலிருந்து ஒரு படையை அனுப்பி மணிலாவைக் கைப்பற்றினர். டிரேப்பர், கோர்ணிசு என்பவர்கள் தலைமை தாங்கினர். அந்தப் படையிலே சென்னைச் சிப்பாய்களும் இருந்தனர். 1764 இல் ஆங்கிலேயர் நகரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கப்பலேறினர். சிப்பாய்களிற் சிலர் ஏறவில்லை. மணிலாவுக்குக் கிழக்கேயுள்ள கைந்தா என்னும் ஊரிலே குடியேறி, அவ்வூர்ப் பெண்களை மணந்து அங்கேயே தங்கிவிட்டனர். அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கு வாழ்கின்றனர். நிலக்கடலையை அரைத்துச் செய்யும் காரே-காரே என்னும் குழம்பு, அந்தச் சிப்பாய்கள் தம்மூர்க் கறியை எண்ணிச் செய்ததிலிருந்து பிறந்தது என்று ஒரு கதை அங்கே வழங்குகின்றது. கதையை வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆயினும், ஊர் திரும்ப மாட்டோம் என்று முடிவு செய்த ஒருவன், கிடைத்ததைக் கொண்டு தன் தாயின் கறியைச் சமைக்க முயன்றிருப்பான் என்பதை நம்புவதற்கு நமக்குச் சான்று வேண்டுமா? ரொறன்ரோவிலும் பாரிசிலும் இருக்கும் நம் பிள்ளைகள் இன்று செய்வதும் அதுதானே. காரே-காரேயை மாட்டுவால் இட்டே பெரும்பாலும் சமைப்பர். ஆகையால் நம்மவர் பலருக்கு அது ஒவ்வாது. காய்கறி மட்டும் இட்டுச் செய்தது கிடைத்தால் உண்டு பார்க்கலாம்.

நேயர்களே, கடல் கடந்து போய்வந்தோம். இனி நமது பானைக்குத் திரும்புவோம். கூழுக்கு இன்னொரு வரலாறு உண்டு. அது பசியின் வரலாறு.

1876, 1877 ஆம் ஆண்டுகளிலே பஞ்சம் வந்தபோது ஆறுமுக நாவலர் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தினார். சைவத்துக்கும் தமிழுக்கும் அவர் செய்த தொண்டைப் பேசும் நாம், வீடுவீடாகப் பொருள் சேர்த்து ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்ததையும் அதே மூச்சில் பேச வேண்டும். இரண்டாம் உலகப்போரில், 1942 இல் பர்மா யப்பானியர் வசமானபோது, அங்கிருந்து வந்த அரிசி நின்றது. மரவள்ளியும் ஒடியலும் அப்போது அடுப்புக்குக் காவலாயின. 1990 யூனில் மீண்டும் போர் மூண்டு, பொருளாதாரத் தடை குடாநாட்டை நெருக்கியபோதும் பனையே முன்வந்தது. சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் குடித்த காலத்தை நாற்பதைத் தாண்டிய எவரும் மறந்திருக்க மாட்டார்கள். கோதுமைமா இல்லாத வீட்டில் ஒடியற்பிட்டு அவிந்தது. 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தபோது, வழியிலே யார் யாரோ காய்ச்சி ஊற்றிய கஞ்சியே பலருக்கு உயிர் தந்தது. 2009 இன் முதல் மாதங்களில் வன்னியில், அரிசியும் தண்ணீரும் கிடைத்தபோது காய்ச்சிய கஞ்சியே பெருந்தொகையானோருக்கு உணவாயிற்று. இன்று மே மாதத்தில் முள்ளிவாய்க்கால் கஞ்சி என்று ஊர்தோறும் காய்ச்சிப் பகிர்கின்றனர். அதற்குச் சுவை கூட்டுவதில்லை. அதன் வரலாறு அந்தச் சுவையின்மையில் இருக்கின்றது.

ஆபத்துக் காலமெல்லாம் உதவிய பனைக்கு நாம் செய்த கைம்மாறு என்ன? ஒல்லாந்தர் காலத்திலே பனைமரம் பெரும் ஏற்றுமதிப் பொருளாயிற்று. பனையின் பயன்கள் 801 என்று பழைய தமிழ்ப் பாடல்நூல் ஒன்று கூறுவதை 19 ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் வியந்து எழுதினர். போர்க்காலத்தில் 802 ஆவது பயனாகப் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் பனங்குற்றிகள் அடுக்கப்பட்டன. தறித்தது போக நின்றவற்றிற் பல எறிகணையால் தலையிழந்து மொட்டையாக நின்றன. ஒரு பனை வடலியாகி, வளர்ந்து, காய்க்கத் தொடங்க 12 ஆண்டுக்கு மேலாகும். 1978 இல் பனை அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது. போர் முடிந்தபின் விதைநடுகையும் நடைபெறுகின்றது. நட்டவர்களை வாழ்த்துவோம்.

கூழின் பெருமையைப் பேசும்போது அதன் சிறுமையையும் மறைக்கலாகாது. பனையோலையிற் கோலிய பிளாவிலே கூழ் குடிப்பதை இன்று அழகாகப் பேசுகிறோம். ஆனால் ஒரு காலத்தில் அதே பிளாவும் சிரட்டையும், "நீ எங்கள் பாத்திரத்தைத் தொடக் கூடாது" என்று மனிதரைத் தள்ளிவைத்ததன் அடையாளமாகவும் இருந்தன. பனையில் ஏறி இறக்கியவர், கிழங்கு கிண்டியவர், பனங்கட்டி காய்ச்சியவர் ஆகியோரின் உழைப்பு வீட்டுக்குள் வந்தது; அவர்கள் வாசலுக்கு வெளியே நின்றனர். 1960 களில் தேநீர்க்கடைகளிலும், 1968 இல் மாவிட்டபுரம் ஆலய வாசலிலும் நடந்த போராட்டங்கள் இந்த அநீதிக்கு எதிராக எழுந்தவையே. ஒரே பானையிலிருந்து எல்லாரும் சுற்றியிருந்து குடிக்கும்போதுதான் கூழ் தன் முழுச் சுவையைப் பெறும். அந்தச் சுவையை நமது முன்னோர் எல்லாரும் அறிந்திருக்கவில்லை.

இன்று வகுப்பறையில் ஒடியலுக்கும் புழுக்கொடியலுக்கும் வேறுபாடு கேட்டால் நகரத்துப் பிள்ளைகளிற் பலர் திகைக்கின்றனர். நீத்துப்பெட்டியை அறிந்தவர் சிலர். பாணிப்பனாட்டை உண்டவர் அதனினும் சிலர். ஒரு பண்டத்தைச் செய்வது நின்றால் முதலில் அதன் சுவை போகும். அடுத்துக் கருவி போகும். கடைசியில் அதன் பெயர் அகராதிக்குள் போய் ஒடுங்கும். தமிழ் கற்பிப்பவன் என்ற முறையில் என் கவலை அந்த மூன்றாவது இழப்பைப் பற்றியது. அதனைத் தடுக்க அகராதியால் முடியாது. அடுப்பினால்தான் முடியும்.

எனவே, ஓர் ஆண்டுக்குள் உண்டு பார்க்க வேண்டியவற்றைக் காலமுறைப்படி சொல்லிவைக்கிறேன். ஆடி முதல் நாளில் ஆடிக்கூழும் கொழுக்கட்டையும். சோமசுந்தரப் புலவர் (1878–1953) அந்த நாளைக் குழந்தைகளுக்கான பாட்டிலே நிலைநிறுத்திவிட்டார். பாட்டைச் சொல்லிக்கொடுக்கும் வீடுகள் கூழையும் காய்ச்ச வேண்டும். ஆவணி, புரட்டாதியில் பனம்பழம் விழும்போது பனங்காய்ப் பணியாரம். பழத்தைப் பிசைந்து களியெடுத்து, கோதுமைமாவும் சீனியும் சேர்த்து எண்ணெயிலே கிள்ளிப் போடுவது. முதல் நாளிலும் மறுநாள் அதன் மணமும் மென்மையும் கூடும். அதே காலத்திற் களியைப் பாயில் ஊற்றிக் காயவைத்தால் பனாட்டு. அதைப் பாணியில் ஊறவைத்தால் பாணிப்பனாட்டு. தை, மாசியில் அவித்த பனங்கிழங்கு; தும்பு வார்ந்து, உப்பும் மிளகும் உள்ளியும் சேர்த்துத் துவைத்து உண்டால் வேறொன்றும் வேண்டாம். பங்குனியில் தேங்காய்ச் சொட்டோடு புழுக்கொடியல். சித்திரைப் பருவத்தில் கோயிலிலே வார்க்கும் சித்திரைக் கஞ்சி. பருத்தித்துறைத் தட்டைவடைக்குக் காலம் பார்க்க வேண்டியதில்லை. பயணம் போகும் எவரும் ஒரு பொதி வாங்கிச் செல்லலாம். ஒடியற்கூழுக்கோ காலத்தைவிடக் கூட்டம் முக்கியம். பத்துப்பேராவது கூடாமல் அதனைக் காய்ச்சாதீர்கள்.

பிறநாட்டிலே வாழும் நம்மவர்க்கு இன்னொரு வேண்டுகோள். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் மெல்பேணிலும் வளைகுடா நாடுகளிலும் உங்கள் அயலிலே, உங்களோடு ஒரே வைத்தியசாலையிலும் தொழிற்சாலையிலும் பிலிப்பைன்சு மக்கள் வேலை செய்கின்றனர். வரும் ஆடிப்பிறப்பன்று ஒரு கிண்ணம் கூழை அவர்களுக்குக் கொடுங்கள். தேங்காய்ப் பாலையும் மாவுருண்டையையும் கண்டதும் அது தம் வீட்டுப் பண்டம் என்றே அவர்கள் சொல்லக்கூடும். மார்கழியில் அவர்கள் தரும் பூத்தோ பும்போங்கை நீங்களும் தட்டாமல் வாங்குங்கள். ஒரே மன்னனுக்குத் திறை கொடுத்த இரு நாட்டார், அந்த மன்னன் மறைந்து பல நூற்றாண்டு கழிந்த பின்னர், எவருடைய ஆணையுமின்றி ஒரு கிண்ணத்தைப் பகிர்ந்துகொள்வதிலே ஒரு நிறைவு இருக்கின்றது.

ஒடியல்மா இன்றும் சந்தையிலே கிடைக்கின்றது. பலாவிலைக்கு விலையில்லை. பானையை ஏற்றுங்கள், அயலாரை அழையுங்கள், வந்தவர் எல்லாரையும் ஒரே பந்தியில் இருத்துங்கள். பிள்ளையின் கையிலே துழாவும் அகப்பையைக் கொடுத்து, இது ஒடியல், இது பலாக்கொட்டை, இது கடல் கடந்து வந்த மிளகாய் என்று ஒவ்வொன்றின் பெயரையும் சொல்லிக் கொடுங்கள்.